பறந்தவர் வந்தாச்சு, நடந்தவர் வரவில்லை

ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, விமானத்துக்கு நாலு மணி நேரம், அங்கிருந்து ஆரியங்காவு மலைப்பாதை வழியாகக் காரில் இன்னொரு மூன்று மணி நேரம் என்பது செங்கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் ஊத்துமேட்டில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த நாலு மணி நேரத்தில் ஒரு மனிதன் முழுசாக வந்து சேர்வதில்லை என்பதும், அவனில் ஒரு பங்கு அங்கேயே விமான நிலையத்து வாசலில் நின்று, தன்னை ஏற்றிக்கொண்டு மேலே போகிற விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கடலை நோக்கி நடக்கத் தொடங்கும் என்பதும், அலைமேலும் மலைமேலும் நடந்து அது ஊர் வந்து சேர மாசக்கணக்கில் ஆகும் என்பதும் அதேபோல எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

முதல் ஆள் வந்தபோது மட்டும் ஊர் அவனைத் திருடன் என்று நினைத்து மின்கம்பத்தில் கட்டிவைத்தது. கிழிந்த சட்டையும் உப்புப் பூத்த தலைமுடியும் வெடித்த கால்களுமாகப் பட்டப்பகலில் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றவனை வேறு என்னவென்று நினைப்பது? அந்த வீட்டுக்காரன் பெட்டியும் கம்பளியுமாக வந்து, கிடா வெட்டி விருந்து வைத்து, லீவு முடிந்து திரும்பியும் போய்விட்டிருந்தான். கட்டப்பட்டிருந்தவனின் கழுத்து மச்சத்தை அவன் அம்மா தடவிப் பார்த்தாள். "எம் பிள்ளதாம்யா. கட்ட அவுங்க," என்றாள். அவிழ்த்தார்கள். அதற்குப் பிறகு ஊர் பழகிக்கொண்டது.

விமானத்தில் வருகிறவரைப் பறந்தவர் என்றும், பின்னால் வருகிறவரை நடந்தவர் என்றும் சொன்னார்கள். மலையிலிருந்து ரோடு இறங்கி ஊருக்குள் நுழையும் இடத்தில் பள்ளிவாசல்காரர்களும் அம்மன் கோயில்காரர்களும் சேர்ந்து ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள், நடந்தவர்கள் சோறு உண்ண மாட்டார்கள், தண்ணீர் மட்டும் குடிப்பார்கள், கால் கழுவிக்கொள்வார்கள் என்பதால். ஒருவரைப் பாவம் பார்த்து பஸ்ஸில் ஏற்றிவந்து பார்த்தார்கள். ஊர் வந்து பார்த்தால் சீட்டில் ஆள் இல்லை, பஸ்ஸுக்கு வெகு பின்னால் புளியரைப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார். சக்கரம் எதுவும் அவர்களைச் சுமக்காது என்று அன்றைக்குத் தெரிந்தது. ரேஷன் கடைக்காரர் இவர்களுக்குத் தனியாக அரிசி கிடையாது என்று சொல்லிவிட்டார், யாரும் கேட்கவும் இல்லை. தென்காசி டாக்டர் வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கல்யாணத் தரகர்கள் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றதும், "ஆள் முழுசா இருக்காரா, பறந்தவரு மட்டுந்தானா?" என்று பெண் வீட்டார் கேட்பார்கள் என்று தெரிந்து பதிலோடு வந்தார்கள்.

பறந்தவர்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிரிப்பார்கள், பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுப்பார்கள். உப்பில்லாத குழம்பை ஊற்றினாலும் நல்லாருக்கு என்பார்கள். சண்டை போட மாட்டார்கள். முடியாது என்ற சொல் அவர்கள் வாயில் வராது, அதனாலேயே அங்கே மேஸ்திரிகளுக்கு அவர்களைப் பிடிக்கும் என்று ஊரில் சொல்வதுண்டு. நடந்தவர்கள் நேர் எதிர். பேச மாட்டார்கள். வீட்டுக்குள் வந்ததும் ஒவ்வொரு சாமானாகத் தொட்டுப் பார்ப்பார்கள், பிள்ளையின் தலையை முகர்வார்கள், அடுப்பங்கரையில் ஓரமாக உட்கார்ந்து சோறு கொதிக்கும் வாசனையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு தங்கள் ஆள் இங்கே இல்லை என்று எப்படியோ தெரிந்து, வந்த வழியே திரும்பி நடந்து, ஷார்ஜாவோ தம்மாமோ போய்ச் சேர்ந்து, அங்கே அவனோடு ஒன்றாவார்கள். அதனால் அந்த ஊர் ஆண்கள் முழு மனிதர்களாக இருப்பதெல்லாம் அங்கே, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில் போட்ட அறைகளில்தான். அந்த மாதங்களில்தான் போன் போட்டு அழுவார்கள். பிறகு லீவு வரும். பறப்பார்கள். லீவு எப்போதும் நடையைவிடச் சின்னது.

செண்பகவடிவுக்குக் கல்யாணம் ஆனது அப்படி ஒரு லீவில். ஏசி குழாய் மாட்டும் வேலையிலிருந்து குத்தாலிங்கம் பறந்து வந்து, தாலி கட்டி, மறுவீடு போய், குற்றாலத்தில் குளித்து, அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல மாதிரி என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அவன் கையைப் பிடித்தால், வெளியூர்க்காரர் வீட்டில் விருந்தாளியாய் இருக்கும்போது நாற்காலிக் கையைப் பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. அவன் போய் மாசங்கள் கழித்து, அவள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, நடந்தவர் வந்து நின்றார். அதே முகம், மெலிந்து கறுத்திருந்தது. அவர் அவளைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார், முன்பின் தெரியாத பெண் பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில் ஓர் ஆண்பிள்ளை ஒதுங்கி நிற்கிற மாதிரி.

அவள் உள்ளே ஓடினாள். "அத்த, அவுக வந்து நிக்காவ. என்னப் பாத்து யாரோங்குத மாதிரி நிக்காவ."

மாமியார் உலகம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். "அதுவும் உம் புருசந்தான் தாயி. அதுக்கு உன்ன இன்னும் தெரியாது. தாலி கட்டுதப்ப அது கடல்லல்லா இருந்துச்சு."

அவர் உலகம்மாளின் மடியில் தலைவைத்துப் படுத்தார். வடிவு சுவரோரமாய் நின்று பார்த்தாள். சில வாரம் இருந்தார். அவள் பூ வைத்தால் திரும்பிப் பார்ப்பார், அவள் தண்ணீர் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குவார். அவர் மலையேறிப் போய் வெகுநாள் கழித்து ஒரு மத்தியானம் ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது. குத்தாலிங்கத்தின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"வடிவு, அன்னைக்கு வாசல்ல துணி காயப் போட்டது நீதானா?"

"ஆமா."

"நம்ம கல்யாணத்துல நீ என்ன சேலை கட்டியிருந்த? மாம்பழக் கலர்தானே?" என்று கேட்டு அழுதான். அவளும் அழுதாள். அவளுக்குத் தன் புருஷன் என்று ஒருத்தன் கிடைத்தது அந்தப் போனில்தான், மூவாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

ரஞ்சனி பிறந்தாள், பேச்சு வந்தது, பள்ளிக்கூடம் போனாள். அந்தப் பிள்ளைக்கு இரண்டு அப்பா என்பது ஒரு ஆச்சரியமும் இல்லை, அந்தத் தெருவில் நிறையப் பிள்ளைகளுக்கு அப்படித்தான்.

வடிவு பயந்தது ஒன்றுக்குத்தான். மேலத் தெருவில் லோகநாயகி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்து இறந்துபோனான். பெட்டியில் வைத்துப் பறக்கவிட்டார்கள், அவனும் நாலு மணி நேரத்தில் வந்தான், எரித்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மழைக்காலமும் முடிந்தபிறகு நடந்தவர் வந்தார். தண்ணீர் குடித்தார். உள்ளே போய்ச் சுவரில் மாலையோடு மாட்டியிருந்த தன் படத்தைப் பார்த்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவே இல்லை. போய்ச் சேர்வதற்கு எங்கேயும் ஆள் இல்லாதவர் எங்கே போவார்? ஊர் கூடிப் பேசி, புருஷன் வாசலில் இருக்கும்போது இவள் தாலியைக் கழற்றியது தப்பு என்று மறுபடியும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டது. லோகநாயகி தினமும் அவர்மேல் விழும் இலையைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைப்பாள். அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் வடிவு சுற்றிக்கொண்டு போவாள்.

அந்த வருஷம் உலகம்மாள் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாள். குத்தாலிங்கம் அவசர லீவில் பறந்து வந்தான். ஐஸ் பெட்டியைச் சுற்றி மூன்று தெருப் பெண்களும் உட்கார்ந்து மாரடித்து அழுதபோது, அவன் வருகிறவர்களையெல்லாம் கைகூப்பி வரவேற்று, காப்பி குடித்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தான். கொள்ளி வைத்தான். மொட்டை போட்டான். சாம்பலைக் கரைத்தான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. "பறந்தவுகதானே, பாவம்," என்றார்கள். காரியம் முடிந்த மறுநாளே விமானம்.

நடந்தவர் வந்தபோது வீடு வெள்ளை அடித்திருந்தது. நேராக அம்மாவின் அறைக்குப் போனார். கட்டில் நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தது. அதை இறக்கிப் போட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கயிற்றில் கையை வைத்தபடி இருந்தார். வடிவு போய்ச் சொல்லிப் பார்த்தாள். "அத்த தவறிட்டாவங்க. நீங்கதான் எல்லாஞ் செஞ்சீய." அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கடலில் இருந்தவருக்குச் சேதி சொல்ல ஆள் ஏது? அவர் கண்ணிலும் நீர் வரவில்லை, வாயைத் திறந்து திறந்து மூடினார். அழுவதற்கு வேண்டிய என்னவோ ஒன்று அவரிடம் இல்லை, அது ஷார்ஜாவில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தது. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியபோது அவர் எழுந்து மலையைப் பார்த்து நடந்து போனார்.

அவர் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாசலில், ஊரில் வாடகைக் கார் ஓட்டும் செல்லத்துரையின் கார் வந்து நின்றது. உள்ளேயிருந்து பெட்டிகளும் சுருட்டிய மெத்தையும் டிவியுமாகக் குத்தாலிங்கம் இறங்கினான்.

"கம்பெனிய மூடிட்டான் வடிவு. விசாவக் கேன்சல் பண்ணி எல்லாரையும் அனுப்பிட்டான்," என்றான் சிரித்துக்கொண்டே. "இனி இங்கதான்."

பெட்டி திறக்கிற சந்தோஷத்தில் ரஞ்சனி குதித்தாள். வடிவு திகைத்துப்போய் நின்றாள். இனி இங்கேதான் என்ற சொல்லுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாள்! ஆனால் நடந்தவர் இப்போது கேரளத்துச் சாலையில் மேற்கே போய்க்கொண்டிருப்பார். கடலில் இறங்குவார். அலைமேல் மாசக்கணக்கில் நடந்து ஷார்ஜா போவார், அந்த அறைக்குப் போவார், அங்கே வேறு யாரோ படுத்திருப்பான். திரும்புவார் என்று என்ன நிச்சயம்? அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டால்?

பக்கத்து வீட்டு மைதீன்பாத்துவிடம் ஓடினாள். அவளுடைய மகன் மீரானும் அப்போது தம்மாமிலிருந்து லீவில் வந்திருந்தான், அதாவது பறந்தவன்.

"நீ போயிப் புடி," என்றாள் மைதீன்பாத்து, வெங்காயம் உரிப்பதைக்கூட நிறுத்தாமல். "கொல்லத்துக்குத் தெக்க ஒரு கடக்கரை இருக்கு, எல்லாரும் அங்கதான் எறங்குவாவ. இங்கேருந்து பஸ் இருக்கு. பிள்ளய நான் பாத்துக்கிடுதேன்."

"அக்கா, பொம்பள தனியா..."

"தனியா எதுக்குட்டி? புருசனக் கூட்டியாரத்தான போற."

குத்தாலிங்கத்திடம் சொன்னாள். "போயிட்டு வா," என்றான் அவன். எங்கே, எதற்கு என்று கேட்கவில்லை. அவள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "சாப்பாடு நல்லாருந்துச்சு," என்று சொன்னான்.

பஸ் ஜன்னல் வழியே சாலையையே பார்த்துக்கொண்டு போனாள். மலைப்பாதையில், தென்மலையில், புனலூர்க் கடைத்தெருவில் நடந்தவர்கள் சிலர் எதிரே வந்தார்கள், சிலர் மேற்கே போனார்கள்; ஒருவர் முகமும் அவள் தேடிய முகம் இல்லை. கடற்கரையில் மீன் கூடைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தமிழில் கேட்க, அவர்கள் மலையாளத்தில் சொல்ல, ஒருவாறு புரிந்தது. இவர்களை எங்கள் அப்பன் காலத்திலிருந்து பார்க்கிறோம், வலையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவார்கள், நல்ல மனிதர்கள் என்றார்கள். ஒருத்தி எழுந்து கையை நீட்டிக் காட்டினாள். ஈர மணலில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். முதல் அலை அவர் பாதத்தை நனைத்துவிட்டுப் போனது. அடுத்த அலைமேல் அவர் காலை வைத்தார், கால் அமிழவில்லை.

"ஏங்க!" என்று கத்தினாள் வடிவு. "ஏங்க, நில்லுங்க! அங்க யாரும் இல்ல! நீங்க வீட்டுக்கு வந்துட்டீய!"

அவர் இரண்டு அலை தள்ளி நின்று திரும்பிப் பார்த்தார். அவளுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் போய்ப் புடவை சுற்ற நின்றுகொண்டு கையை நீட்டினாள். வெகுநேரம் நீட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் வந்து பிடித்தார். அந்தக் கை பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது, ஆனால் பிடி இறுகியிருந்தது.

அவரை எதிலும் ஏற்ற முடியாது, அதனால் அவளும் நடந்தாள். புருஷனோடு அவள் சேர்ந்து போன ஒரே நீண்ட பயணம் அதுதான். ரப்பர் தோட்டங்கள் வழியே, அன்னாசி விற்கிற கடைகள் வழியே, சர்ச் மணியும் யானைச் சாணமும் தாண்டி, கால் கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, வழியில் யார் வீட்டுத் தாழ்வாரத்திலாவது படுத்து எழுந்து நடந்தாள். முதலில் அவள்தான் பேசினாள். ரஞ்சனிக்குப் பல் விழுந்ததை, கிணறு வற்றியதை, உலகம்மாள் கடைசி நாளில் யாரைக் கேட்டாள் என்பதை. அவர் தலையைக் குனிந்து கேட்டபடியே வந்தார். புனலூர் தாண்டி ஏற்றம் தொடங்கிய இடத்தில், அவள் மூச்சு வாங்கி நின்றபோது, அவர் பேசினார். துருப்பிடித்த தாழ்ப்பாளை விலக்குகிற மாதிரி வந்தது குரல்.

"கடல்ல நடக்கும்போ மேல போவும் வடிவு."

"எது?"

"பிளேனுதான். அண்ணாந்து பாப்போம். அதுல நாங்க உக்காந்திருப்போம், ஜன்னலோரமா. கீழ பாக்க மாட்டோம்." கொஞ்ச தூரம் நடந்து மறுபடியும் சொன்னார். "நெறைய பேரு நடக்கோம் அங்க. எதுக்க வாறவன்கிட்ட நம்ம ஊருல மழையான்னு கேப்போம். அவ்வளவுதான் பேச்சு."

அவள் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவள் காலைத் தன் குளிர்ந்த இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார், எரிச்சல் அடங்கியது. இப்படியே இந்த மனிதரோடு இந்த மலையிலேயே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்கு ஆசை வந்தது. பிள்ளை ஞாபகம் வந்து எழுந்தாள்.

இதே நேரத்தில் ஊரில் ஒரு போன் வந்திருந்தது. குத்தாலிங்கத்தின் பழைய மேஸ்திரி வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம், விசா ரெடியாம், உடனே வரச் சொன்னான். பறந்தவன் சரி என்றான். மைதீன்பாத்து வாசலில் நின்று, "ஏய்யா, வடிவு வரட்டும், ஒங்களத்தான் கூட்டியாரப் போயிருக்கா," என்று கத்தினாள். "சரிக்கா," என்று அவளிடமும் சொன்னான். பிறகு பெட்டியை எடுத்துக் காரில் வைத்து ஏறி உட்கார்ந்தான். ரஞ்சனி பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

தென்மலை தாண்டிப் பதிமூன்று கண் பாலத்துக்குப் பக்கத்தில், மரம் ஏற்றிய லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்த வளைவில், வடிவு மேலிருந்து இறங்கி வருகிற காரைப் பார்த்தாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகன் படத்தை வைத்துச் செல்லத்துரையின் கார் என்று அடையாளம் தெரிந்தது. பின் சீட்டு ஜன்னலோரத்தில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான், இஸ்திரி போட்ட சட்டை, சீவிய தலை. அவன் அவளைப் பார்த்தான். அவள் பக்கத்தில் நிற்கிற தன்னையும் பார்த்தான். பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர்களைப் பார்த்தால் செய்வதுபோலச் சிரித்துக் கையசைத்தான்.

கார் தாண்டிப் போனது. அவள் கைக்குள் இருந்த கை நழுவியது. நடந்தவர் சொல்லாமல் திரும்பி, கார் போன திசையில், மேற்கே, நடக்கத் தொடங்கியிருந்தார்.

வடிவு ஓடினாள். கொப்பளம் உடைந்த காலோடு இறக்கத்தில் ஓடினாள். முன்னால் ஒரு லாரி வளைவில் திணறியதால் கார் நின்றிருந்தது. லாரிக்கும் காருக்கும் நடுவில் போய் நின்று, பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"எக்கா, என்னக்கா இது, சாவப் போறிய!" செல்லத்துரை கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

"வண்டிய அணை செல்லத்துர. அவுகள எறங்கச் சொல்லு."

பின்னால் ஹாரன்கள் அலறின. குத்தாலிங்கம் ஜன்னலை இறக்கினான். "பிளைட்டுக்கு நேரமாச்சே வடிவு," என்றான், கோபமில்லாமல்.

"போவட்டும். எறங்குங்க."

"சரி," என்று இறங்கினான்.

அப்படி அவர்கள் எதிரெதிரே நின்றார்கள், அந்த மலைச் சாலையில், கட்டுச்சுவர் ஓரத்தில், ஒருவன் சென்ட் வாசனையோடும் ஒருவர் உப்பு வாசனையோடும். ஊத்துமேட்டில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாருமே கிடையாது, இருவரும் ஒன்றாவதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் அல்லவா. செல்லத்துரை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. வெளியே போய்விட்டு வந்தவன் தன் வீட்டுக்குள் தலையைக் குனிந்து நுழைவதுபோல நடந்தவர் ஓரடி முன்னால் வைத்தார், அங்கே ஒரு ஆள்தான் இருந்தான். அவன் கட்டுச்சுவரில் சரிந்து உட்கார்ந்தான். பளபளக்கிற ஷூவைக் கழற்றினான். உள்ளே பாதம் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. ஒரே கணத்தில் அவன் பத்து வயது கூடிப்போயிருந்தான்.

"வடிவு," என்றான். "கால் எரியுது."

பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். செல்லத்துரை மூக்கை உறிஞ்சிக்கொண்டு காரைத் திருப்பினான். "ஏறுங்கண்ணாச்சி, வீட்டுல விட்டுருதேன்," என்றான். குத்தாலிங்கம் காரைப் பார்த்தான், கட்டுச்சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம்," என்றான். ரொம்ப நாளாகச் சொல்லாத சொல்லாகையால் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "நாங்க நடந்தே வாறோம். நீ பெட்டிய மட்டும் கொண்டு போ."

ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, மெதுவாகத்தான் வர முடிந்தது. ஊர் எல்லையில் தொட்டித் தண்ணீரில் கால் கழுவினார்கள். செல்லத்துரை முன்னாலேயே சேதி சொல்லியிருந்ததால் தெருவே வாசலில் நின்றது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரஞ்சனி ஓடிவந்து, பாதியில் நின்று, அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எம்மா, இது எந்த அப்பா? சாக்லேட் அப்பாவா, சும்மா உக்காந்திருக்க அப்பாவா?"

"ரெண்டும்," என்றாள் வடிவு.

பிள்ளை நம்பவில்லை. இது அவளுக்குத் தெரியாத மூன்றாவது ஆள். வடிவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். குத்தாலிங்கம் அவளைத் தொடக் கையை நீட்டி, அவள் பயந்ததைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டு, படியேறி அம்மாவின் அறை வாசலில் போய் நின்றான். கட்டில் நடந்தவர் இறக்கிப் போட்ட இடத்திலேயே கிடந்தது.

"வடிவு."

"சொல்லுங்க."

"கொள்ளி வச்சது நாந்தானே?"

"நீங்கதான்."

"எனக்கு நெனப்பிருக்கு. சூடு முகத்துல அடிச்சிச்சு. ஐயர் என்ன சொன்னாருன்னுகூட நெனப்பிருக்கு. எல்லாருக்கும் காப்பி குடுத்தேன்." அவன் நிலையைப் பிடித்துக்கொண்டான். "அம்மான்னு மட்டும் தோணவேயில்லயே."

பிறகு அழுதான். கட்டில் கயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் அழுவதுபோல மூச்சு முட்ட முட்ட, அம்மா அம்மா என்று அழுதான். செத்து மாசங்கள் ஆன ஒருத்திக்காக அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சாவு விழுந்தது. சத்தம் கேட்டு மைதீன்பாத்து உள்ளே வந்து பாயை விரித்து உட்கார்ந்தாள். எதிர் வீட்டிலிருந்து ஒருத்தி வந்தாள். கீழத் தெருவிலிருந்து வந்தார்கள். மேலத் தெருவிலிருந்து லோகநாயகியும் வந்தாள். ஒருமுறை அழுது தீர்த்துவிட்ட சாவுக்கு மறுபடியும் வட்டமாக உட்கார்ந்து, தோளில் கைபோட்டு ஒப்பாரியை எடுத்தார்கள். முதலில் உலகம்மாள் பேரைச் சொல்லித்தான் அழுதார்கள். நேரம் போகப் போக ஒவ்வொருத்தியும் வேறு பேர்களைச் சொன்னாள், இப்போது எந்த அலைமேல் எந்தப் பக்கம் பார்த்து நடந்துகொண்டிருக்கிறார்களோ அவர்களுடைய பேர்களை. அவர்கள் யாரும் செத்தவர்கள் இல்லை. வடிவும் அந்த வட்டத்தில் உட்கார்ந்து, மலையில் தன் காலைக் குளிர்ந்த கைக்குள் வைத்துக்கொண்டிருந்தவரை நினைத்து அழுதாள். அவரை இனி அவள் தனியாகப் பார்க்கப் போவதில்லை.

லீவில் வந்திருந்த பறந்தவர்கள் நாலைந்து பேர், நல்ல சட்டையும் வாட்சுமாக, வாசலுக்கு வெளியே கூடி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் அழுகிறார்கள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை, நின்ற இடத்தைவிட்டுப் போகவும் முடியவில்லை. அந்த வாரக் கடைசியில் தம்மாமுக்கு விமானம் ஏற வேண்டிய மைதீன்பாத்துவின் மகன் மீரான், வடிவு எழுந்து சொம்பு எடுக்க வந்தபோது, மரியாதையாகக் குனிந்து கேட்டான்.

"மதினி, அண்ணனுக்கு என்ன செய்யுது?"

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "உள்ள வாங்க தம்பி. செத்த நேரம் உக்காருங்க," என்றாள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பெண்கள் நடுவே எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். மைதீன்பாத்து அழுகையை நிறுத்தாமலே ஒரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிடித்த கையை அவள் விடவில்லை.